காலையில் பிடிக்கிறது, வெயில் ஏறினால் பிடிப்பதில்லை: ஒரு புல்வெட்டி மெஷினின் கிளச் கோளாறு

மெஷின், ஆள் உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி. பெற்றோல் எஞ்சின், 12 வோல்ட் பெட்டரி, டெக்குக்குள், அதாவது அடியில் பிளேட்டை மூடியிருக்கும் கூட்டுக்குள், இரண்டு பிளேட். அந்தப் பிளேட்டுகளை எஞ்சினோடு சேர்ப்பதும் பிரிப்பதும் மின்காந்தக் கிளச். இடம், நுவரெலியாவில் கிரகரி வாவிக்கு மேலே சரிவில் இருக்கும் ஒரு ஹோட்டல். காலம், மார்ச் கடைசி. ஏப்ரல் சீசனுக்கு ஊர் நிரம்புவதற்குள் புல்தரை முழுவதும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும் என்று மேனேஜர் நிற்கும் நேரம்.

கோளாறை ஹோட்டல்காரர்கள் சொன்ன விதம்: "பிளேட் சில நேரம் வேலை செய்யுது, சில நேரம் செய்யல." இப்படிச் சொல்லப்படும் கோளாறில் பாதிக்கு மேல் விவரம் விடுபட்டிருக்கும். மெஷினை ஓட்டுகிறவரிடம் கேட்டால்தான் மீதி வரும். அவர் அங்கே நீண்ட காலமாகத் தோட்ட வேலை பார்ப்பவர், என்னைவிட மூத்தவர்.

"தம்பி, காலையில இழுத்த உடனே டக்குனு பிடிக்குது. ஒன்பதரை பத்து மணிக்கு மேல இழுத்தா சத்தமே இல்ல. டீ குடிச்சிட்டு வந்து, ஆறுனப்புறம் இழுத்தா திரும்பப் பிடிக்குது."

"அண்ணே, வெட்டிக்கிட்டு இருக்கிறப்பவே நிக்குதா, இல்ல நிப்பாட்டிட்டு மறுபடி போடுறப்பவா?"

கொஞ்சம் யோசித்தார். "வெட்டுறப்ப நிக்கிறதில்ல. நடுவுல சல்லிக்கல் பாதை இருக்குல்ல, அதத் தாண்டுறதுக்கு ஆஃப் பண்ணுவேன். அந்தப் பக்கம் போய் இழுத்தா பிடிக்காது. அதனால இப்ப ஆஃப் பண்ணாமலே தாண்டிர்றேன்."

கடைசி வாக்கியம் எனக்குப் பிடிக்கவில்லை. சுற்றும் பிளேட்டுக்குக் கீழே சல்லிக்கல் அகப்பட்டால் அது எந்தப் பக்கம் பாயும் என்று யாரும் சொல்ல முடியாது, பக்கத்தில் விருந்தினர்கள் நடக்கிற இடம் அது. ஆனால் கோளாறைக் கண்டுபிடிக்க அவர் சொன்னதைவிட நல்ல தகவல் பிறகு எந்த மீட்டரிலும் கிடைக்கவில்லை. பிடித்த பிடியை விடாமல் வைத்திருக்கிறது, புதிதாகப் பிடிக்கத்தான் முடியவில்லை. மின்காந்தக் கிளச்சில் இவை இரண்டும் ஒன்றல்ல.

இதற்கு முன்பு நடந்தவை

நான் போவதற்கு முன்பே வேறொருவர் பார்த்திருந்தார். பெட்டரி புதிது. டாஷ்போர்டில் இருக்கும், கிளச்சைப் போட இழுக்கும் மஞ்சள் குமிழ் சுவிச்சும் புதிது. இரண்டையும் மாற்றிய பிறகு ஒரு காலை முழுவதும் மெஷின் நன்றாக ஓடியதாம், அன்று மூடுபனி விலகவே இல்லை. மறுநாள் வெயில் அடித்தது, பழைய கதைதான். அடுத்தது கிளச்சையே மாற்ற வேண்டும் என்று முடிவாகி, வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வரவழைக்க விலை கேட்டிருந்தார்கள். கேட்ட விலையைப் பார்த்த பிறகுதான் மேனேஜருக்கு இன்னொருவரிடமும் காட்டலாம் என்று தோன்றியிருக்கிறது.

கழற்றிய பழைய சுவிச்சை மெஷின் கொட்டகையில் ஒரு டின்னுக்குள் போட்டு வைத்திருந்தார்கள். அதைத் திறந்து பார்த்தேன். உள்ளே தொடுமுனைகள் கொஞ்சம் கறுத்திருந்தனவே தவிர எரியவில்லை. கிளச்சை அணைக்கும் ஒவ்வொரு முறையும் அதன் கொயிலில் (காந்தமாகும் கம்பிச்சுருளில்) தேங்கியிருக்கும் சக்தி ஒரு பொறியாக இந்த முனைகளில்தான் பாயும், அதனால் இந்த அளவு கறுப்பு எந்தச் சுவிச்சிலும் இருக்கும். மாற்றியே ஆக வேண்டிய சுவிச் அல்ல அது.

கிளச் வேலை செய்யும் விதம்

எஞ்சினின் கிராங்க் தண்டு கீழ்நோக்கி நீண்டிருக்கிறது. அதில் சாவி போட்டுப் பூட்டிய ஒரு இரும்புத் தட்டு எஞ்சின் ஓடும்போதெல்லாம் சுற்றும். அதற்குப் பக்கத்தில் கொயில், சுற்றாமல் ஓரிடத்தில் நிற்கும். அது சுற்றிவிடாமல் ஒரு நாக்குத் தகடு பிடித்துக்கொண்டிருக்கும். இன்னொரு பக்கம் பெல்ட் ஓடும் கப்பியோடு (புலி) சேர்ந்த ஆர்மேச்சர் தட்டு. கொயிலில் மின்சாரம் இல்லாதபோது ஸ்பிரிங்குகள் ஆர்மேச்சரைச் சுற்றும் தட்டிலிருந்து விலக்கி, ஒரு பிரேக் தகட்டில் அழுத்தி வைத்திருக்கும். பிளேட் நிற்பது அதனால்தான். குமிழை இழுத்தால் கொயில் காந்தமாகி, ஸ்பிரிங்கை எதிர்த்து, நடுவில் இருக்கும் காற்றிடைவெளியைத் தாண்டி ஆர்மேச்சரைத் தன் பக்கம் இழுத்துச் சுற்றும் தட்டோடு ஒட்ட வைக்கும்.

ஒட்டிய பிறகு இடைவெளி இல்லை. இரும்போடு இரும்பு, கொஞ்சம் மின்சாரமே போதும். ஒட்டுவதற்கு முன்பு அந்த இடைவெளியைத் தாண்டி இழுக்கத்தான் பலம் வேண்டும். இந்த மெஷினின் புத்தகத்தில் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர் வரை என்று போட்டிருக்கிறது. இந்த வகைக் கிளச்சுகள் பலவற்றிலும் இதையொட்டித்தான் இருக்கும். தேயத் தேய அது கூடும்.

இழுவிசை, மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். மின்னோட்டம் பாதியானால் இழுவிசை பாதியாவதில்லை, கால்வாசிக்கு இறங்கிவிடும். இடைவெளிக்கும் ஏறக்குறைய அதே கணக்குதான், ஆனால் தலைகீழாக.

சந்தேகத்திலிருந்து எவையெவை விலகின

எஞ்சினுக்குச் சக்தி போதவில்லை என்று ஹோட்டலில் ஒருவர் உறுதியாக நம்பினார். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெல்லியது, டர்போ இல்லாத எஞ்சின் இங்கே தன் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை இழப்பது உண்மைதான். ஆனால் குமிழை இழுத்தும் பிளேட் பிடிக்காதபோது எஞ்சின் சத்தம் துளியும் மாறவில்லை. சுமையே ஏறவில்லை என்றுதான் அர்த்தம். சக்தி குறைந்த எஞ்சின் என்றால் பிளேட் பிடித்ததும் முனகும், சில நேரம் அணைந்துவிடும். இங்கே அது நடக்கவில்லை.

சீட் சுவிச்சும் அப்படியே விலகியது. இந்த மெஷினில் பிளேட் சுற்றும்போது ஓட்டுகிறவர் சீட்டை விட்டு எழுந்தால் எஞ்சினின் இக்னிஷன் எர்த் ஆகி எஞ்சினே நின்றுவிடும் என்று வயரிங் படம் சொல்கிறது. கிளச்சை மட்டும் துண்டிக்கும் மெஷின்களும் உண்டு, அதனால் படத்தைப் பார்க்காமல் இதைச் சொல்லக் கூடாது. எஞ்சின் நிற்காமல் பிளேட் மட்டும் பிடிக்கவில்லை என்றால் இந்த மெஷினில் சீட் சுவிச் குற்றவாளி இல்லை. (அதில் வேறொரு வில்லங்கம் இருந்தது. பிறகு வருகிறேன்.)

பியூஸ் முழுசாக இருந்தது. எஞ்சின் ஓடும்போது பெட்டரி முனையில் 13.9 வோல்ட், குமிழை இழுத்த பிறகும் 13.6க்குக் கீழே இறங்கவில்லை. சார்ஜ் ஆவதிலும் குறையில்லை. பெட்டரியைச் சார்ஜ் செய்யும் ஸ்டேட்டர் அல்லது ரெகுலேட்டர் பழுதான மெஷினில் பெட்டரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, அரை மணி நேரத்தில் இதே மாதிரி கிளச் கைவிடும். ஆனால் அப்போது டீ குடித்துவிட்டு வந்தால் தானாகச் சரியாகாது. புது சுவிச்சையும் பார்த்தேன். வெளியே ஒரே மாதிரி இருந்து உள்ளே முனைகளின் அமைப்பு வேறாக இருக்கும் சுவிச்சுகள் கடையில் தாராளமாகக் கிடைக்கும். இது சரியான சுவிச்தான். குமிழ் இழுத்திருக்கும்போது ஸ்டார்ட்டர் சுற்றவில்லை, தள்ளியிருந்தால் சுற்றியது.

மிச்சம் இருந்தது கிளச்சும், அதற்குப் போகும் வரும் வயரும்.

'12 வருகிறது' என்பதன் கதை

முன்பு பார்த்தவர் செய்ததை ஓட்டுகிறவர் காட்டினார். எஞ்சினுக்கு அடியில் கிளச் வயர் சேரும் இரண்டு பின் சொக்கெட்டைக் கழற்றி, மீட்டரின் இரண்டு முனைகளையும் அதற்குள் வைத்துப் பார்த்திருக்கிறார். 12.5 வோல்ட். கரண்ட் ஒழுங்காக வருகிறது, ஆகவே கிளச்தான் செத்துவிட்டது என்பது அவருடைய முடிவு.

நானும் அப்படியே வைத்துப் பார்த்தேன், 12.5 வோல்ட்தான். ஆனால் அந்த எண்ணுக்கு அங்கே ஒரு மதிப்பும் இல்லை. மீட்டர் எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் இல்லை என்றே சொல்லிவிடலாம். வயரில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும், பின் முழுவதும் களிம்பு ஏறியிருந்தாலும் மீட்டர் 12.5 என்றுதான் காட்டும். வெறும் குடம் சுமந்து பார்த்துத் தலைச்சுமைக்காரியின் பலத்தைச் சொல்வது போலத்தான் இது. கிளச் இந்த வழியில் 4 அம்பியருக்கு மேல் கேட்கிறது. அந்த 4 அம்பியர் ஓடும்போது எத்தனை வோல்ட் மிஞ்சுகிறது என்பதுதான் கேள்வி. சொக்கெட்டைக் கழற்றாமல், கொயிலோடு சேர்ந்திருக்கும்போதே பின்பக்கமாக மெல்லிய ஊசியை விட்டு அளக்க வேண்டும்.

அதுவும் போதாது. கோளாறு சூட்டில்தான் வருகிறது என்றால் சூட்டில்தான் அளக்க வேண்டும். ஆறிய மெஷினைக் கராஜில் வைத்து அளந்து, எல்லாம் சரி என்று திருப்பி அனுப்பிய கதைகள் எனக்குத் தெரியும்.

குளிரில் எடுத்த அளவு முதலில். காலை ஏழு மணி, கொட்டகைக்குள். எஞ்சின் நிறுத்தம், எஞ்சின் தவறியும் கிளம்பாதபடி ஸ்பார்க் பிளக் வயர் கழற்றி ஓரமாகக் கட்டியாயிற்று, சாவி ஆன், குமிழ் இழுத்தாயிற்று. 'டக்' என்று பிடித்தது. பெட்டரியில் 12.4 வோல்ட். கொயிலின் இரண்டு முனைக்கும் நடுவே 10.8. ஏற்கெனவே 1.6 வோல்ட் வழியில் காணாமல் போயிருந்தது. மீட்டரை 10 அம்பியர் துளைக்கு மாற்றித் தொடரில் சேர்த்தால் 3.7 அம்பியர். (கையில் வைத்துக் கவ்வும் மலிவான மீட்டர்கள் பல நேர் மின்னோட்டத்தை அளக்காது. வீட்டு வயரிங்குக்கு வாங்கியதை எடுத்துக்கொண்டு வந்து பூச்சியம் காட்டுகிறது என்று குழம்ப வேண்டாம்.) சொக்கெட்டைக் கழற்றிக் கொயிலின் தடையைப் பார்த்தேன், 2.9 ஓம். இந்த அளவுக் கொயிலுக்கு நியாயமான எண். கொயிலுக்கும் உடம்புக்கும் நடுவே கசிவு இல்லை. செத்துவிட்டது என்று சொல்லப்பட்ட கிளச்சின் கொயில் நல்ல உயிரோடு இருந்தது.

பிறகு அண்ணன் வெட்டப் போனார். பத்து மணிக்குக் கொஞ்சம் முன்பு கையைக் காட்டினார். பிடிக்கவில்லை. எஞ்சினை நிறுத்தி, பிளக் வயரைக் கழற்றி, ஆற விடாமல் அதே இடத்தில், புல்லின் மேலேயே உட்கார்ந்து அளந்தோம்.

பெட்டரியில் அதே 12.4. கொயிலில் 8.9. மின்னோட்டம் 2.5 அம்பியர். கொயிலின் தடை 3.6 ஓம் ஆகியிருந்தது. இதில் பயப்பட ஒன்றுமில்லை, செப்பு சூடானால் ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் அதன் தடை 0.39 சதவீதம் அளவுக்குக் கூடும், 2.9 என்பது 3.6 ஆக ஏறக்குறைய 60 பாகை சூடேறினால் போதும். ஓடுகிற எஞ்சினுக்கு அடியில், தானும் 50 வாட் அளவுக்குச் சூட்டை உண்டாக்கிக்கொண்டிருக்கும் கொயிலுக்கு அது சாதாரணம். வயரிங் நன்றாக இருந்திருந்தால் அந்தச் சூட்டிலும் 3.4 அம்பியர் போயிருக்கும். போனது 2.5.

மிச்ச 3.5 வோல்ட் எங்கே போயிற்று? மீட்டரின் ஒரு முனையைப் பெட்டரியின் நேர் முனையில் வைத்து, மற்றதை வழிநெடுக நகர்த்திக்கொண்டு போனால் திருடன் தானாக அகப்படுவான். பெட்டரியிலிருந்து பியூஸ், சாவி சுவிச், குமிழ் சுவிச் எல்லாம் தாண்டி வெளியே வரும்வரை 0.2 வோல்ட் மட்டும்தான். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் சொக்கெட்டின் நேர்ப் பின்னுக்கு முன்னும் பின்னும் வைத்தால் 2.2. எர்த் பக்கத்தில், கொயிலின் கறுப்பு வயரிலிருந்து பெட்டரியின் எதிர் முனைவரை 1.1. இந்த எர்த் பக்கத்தை அளக்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம். போன மின்சாரம் திரும்பி வர வேண்டும் என்பது ஏனோ பலருக்கு நினைவில் இருப்பதில்லை.

2.2 வோல்ட், 2.5 அம்பியர். அந்தச் சின்னப் பின்னுக்குள் ஐந்தரை வாட் சூடு. சூடேறச் சூடேறப் பின் தளரும், தளரத் தளரத் தடை கூடும், மறுபடி சூடு. கையை வைத்தால் சுட்டது. பிளாஸ்டிக் ஒரு பக்கம் பழுப்பாகி உருகத் தொடங்கியிருந்தது.

மரக்குச்சி

கொயிலின் சூட்டையும் சொக்கெட்டையும் குறை சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம். ஆனால் 2.5 அம்பியர் என்பது இழுக்கவே முடியாத அளவு குறைவு அல்ல என்று எனக்குப் பட்டது. இடைவெளி சரியாக இருக்கும் கிளச் இந்த மின்னோட்டத்தில் முக்கி முனகியாவது பிடித்திருக்கும்.

எஞ்சின் நிறுத்தியபடி, பிளக் வயர் கழன்றபடி, குமிழ் இழுத்தபடி, ஒரு மரக்குச்சியால் ஆர்மேச்சர் தட்டைப் பக்கவாட்டிலிருந்து மெல்ல அமுக்கினேன். 'டக்' என்று ஒட்டிக்கொண்டது. குச்சியை எடுத்த பிறகும் விடவில்லை. ஓட்டுகிறவர் முதல் நாளே சொன்னது இதைத்தான். பிடித்து வைக்கக் காந்தம் இருக்கிறது, எட்டிப் பிடிக்கத்தான் இல்லை. (எஞ்சின் ஓடும்போது இந்தக் குச்சி வேலையைச் செய்ய நினைப்பவர்கள் தங்கள் விரல்களை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும்.)

இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜை எடுத்துக் கிளச்சின் பக்கத்தில் இருக்கும் மூன்று சன்னல்களிலும் விட்டுப் பார்த்தேன். இரண்டில் 0.6 மில்லிமீற்றர், ஒன்றில் 0.55. இருக்க வேண்டியது 0.3 முதல் 0.4.

இப்போது கணக்கைச் சேர்த்துப் பார்க்கலாம். குளிர்ந்த நிலையில், நல்ல வயரிங்கில் 4.3 அம்பியர் போக வேண்டும். சூட்டில் 2.5 போயிற்று. வர்க்கக் கணக்கில் இழுவிசை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இடைவெளி 0.35இலிருந்து 0.6 ஆனதில் அதிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இரும்புப் பாதையின் தடையையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் இவ்வளவு மோசமாக வராது, ஆனால் போக்கு இதுதான். சொக்கெட் மட்டும் கெட்டிருந்தால் மெஷின் ஓடியிருக்கும். இடைவெளி மட்டும் கூடியிருந்தாலும் ஓடியிருக்கும். கொயில் சூடாவது கோளாறே இல்லை. மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் பத்து மணிக்குப் பிடிக்காமல் போகிறது. ஒரு பாகத்தைக் குற்றவாளியாக்கி மாற்றுகிறவருக்கு இந்த மெஷின் கடைசிவரை அகப்பட்டிருக்காது. புதுக் கிளச் போட்டிருந்தால்கூட, இடைவெளி சரியாக இருப்பதால் கொஞ்ச காலம் ஓடியிருக்கும், கெட்ட சொக்கெட் உள்ளேயே இருந்திருக்கும்.

மலைக்குளிரும் கோளாறை மறைத்தது. காலையில் பத்துப் பாகைக்கும் கீழே இருக்கும் கொட்டகையிலிருந்து கிளம்பும் மெஷின் சூடேறவே நேரமெடுக்கும். கொழும்பில் இதே மெஷின் இதைவிட முன்னதாகவே, வேலை தொடங்கிய கொஞ்ச நேரத்தில் கைவிட்டிருக்கும், யாரும் பெட்டரியை மாற்றிவிட்டு அது சரியாகிவிட்டதாக நம்பியிருக்க மாட்டார்கள்.

சொக்கெட் ஏன் அப்படி ஆனது

பனியும் மழையும் எல்லா மெஷினுக்கும்தான். இந்தச் சொக்கெட்டுக்குள் இருந்தது வெறும் துரு அல்ல, நீலப்பச்சைக் களிம்பு, வயரின் இன்சுலேஷனுக்குள்ளும் ஒரு விரல் நீளத்துக்குக் கறுப்பாக ஏறியிருந்தது. கொட்டகையைச் சுற்றிப் பார்த்தால் காரணம் சுவரோரமாக அடுக்கியிருந்தது. புல்தரைக்குப் போடும் அமோனியம் சல்பேட் மூட்டைகள், இரண்டின் வாய் திறந்தபடி. அமோனியாவும் ஈரமும் செப்பையும் பித்தளையையும் தின்றுவிடும். போதாததற்கு, வேலை முடிந்ததும் குனிந்து பார்க்காமல் மெஷினின் அடியில் பிரஷர் வோஷரால் அடிப்பது வழக்கம். உரத்தூள் படிந்த சொக்கெட்டுக்குள் தண்ணீரை அழுத்தி ஏற்றி, ஈரம் காயாத கொட்டகையில் நிறுத்தினால் வேறென்ன ஆகும்.

செய்த வேலை

பெட்டரியின் எதிர் முனையைக் கழற்றிய பிறகு, கறுத்த வயரை இரண்டு பக்கமும் பளபளப்பான செப்புத் தெரியும்வரை வெட்டினேன். ஈயம் வைத்து ஒட்டவில்லை. அதிரும் இடத்தில் ஈயம் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் வயர் முறியும். புதிய முனைகளை நல்ல கிரிம்ப் இடுக்கியால் அமுக்கி, சுருங்கு குழாய் போட்டு, ரப்பர் வாயுள்ள வாகனச் சொக்கெட் ஒன்றை மாட்டி, உள்ளே ஈரத்தைத் தடுக்கும் டைஎலெக்ட்ரிக் கிரீஸ். பழைய சொக்கெட் தொங்கிக்கொண்டிருந்த இடத்தை விட்டு, பெல்ட்டும் எஞ்சின் சைலன்சரும் எட்டாத பக்கமாக மேலே ஏற்றிக் கட்டினேன்.

எர்த் போல்ட்டுக்கு அடியில் பெயின்ட்டும் துருவும். சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கினேன். அதோடு நிற்காமல், கிளச்சின் கறுப்பு வயரிலிருந்து பெட்டரியின் எதிர் முனைக்கே நேராக ஒரு வயர் தனியாக இழுத்தேன். மெஷினின் இரும்புச் சட்டத்தை (சேஸியை) நம்புவதைவிட ஒரு மீற்றர் வயர் மலிவு. ரிலே (சின்ன மின்னோட்டத்தால் பெரியதைப் போடும் சுவிச்) ஒன்று போடலாமே என்று ஒரு யோசனை வந்தது. 4 அம்பியருக்கு ரிலே தேவையில்லை, அந்த ஈரக் கொட்டகையில் களிம்பு பிடிக்க இன்னொரு சொக்கெட்டைச் சேர்ப்பதாகத்தான் முடியும்.

இடைவெளியை மூன்று நட்டுகளையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, மூன்று சன்னலிலும் 0.35க்குக் கொண்டுவந்தேன். ஒன்றை முழுவதும் இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் தட்டு சாயும். அளவுக்கு மேல் இறுக்கினாலும் ஆபத்து, அணைத்த பிறகும் தட்டுகள் உரசிக்கொண்டிருக்கும், பிளேட் நிற்காது. அதனால் கடைசியில் நிற்கும் நேரத்தைப் பார்க்காமல் இந்த வேலை முடிந்ததாகச் சொல்ல முடியாது. குமிழைத் தள்ளியதிலிருந்து ஐந்து வினாடிக்குள் பிளேட் நிற்க வேண்டும். நான்கு வினாடிக்குள் நின்றது.

தட்டுகளின் முகம் வழுக்கிப் பளபளத்திருந்ததால், புதுக் கிளச்சுக்குச் செய்வது போலப் பதப்படுத்தவும் வேண்டியிருந்தது. எஞ்சினைப் பாதி வேகத்தில் வைத்து 10 வினாடி போட்டு 10 வினாடி அணைத்து ஐந்து முறை, பிறகு முக்கால் வேகத்தில் ஐந்து முறை. இதைச் செய்யாவிட்டாலும் ஓடும், அடர்ந்த ஈரப்புல்லில் வழுக்கும்.

அன்று பிற்பகல், நல்ல வெயிலில், ஒரு மணி நேரத்துக்கு மேல் வெட்டிய பிறகு அளந்தோம். வழியில் தொலைந்தது 0.4 வோல்ட். கொயிலில் 12. மின்னோட்டம் 3.3 அம்பியர். அண்ணன் சல்லிக்கல் பாதையில் குமிழைத் தள்ளி, அந்தப் பக்கம் போய் இழுத்தார். பிடித்தது. திரும்பவும் இந்தப் பக்கம் வந்து இழுத்தார். பிடித்தது. இன்னும் சில முறை, தேவையே இல்லாமல், போய் வந்தார்.

முறுக்கி விட்டிருந்த சீட் வயர்

சீட்டுக்கு அடியில் சுவிச்சுக்குப் போகும் இரண்டு வயரையும் யாரோ வெட்டி ஒன்றாக முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். ஓட்டுகிறவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மெஷின் இருப்பதாகவே நினைக்கும். ஏன் என்று கேட்டபோது, சரிவில் குறுக்காகப் போகையில் எஞ்சின் விக்கி விக்கி நின்றதாம், ஒரு கராஜ்காரர் 'சரி பண்ணி'க் கொடுத்தாராம்.

மலைநாட்டில் இந்தத் தொல்லை நிஜம். சரிவில் போகிறவர் விழாமல் இருக்க மேட்டுப் பக்கம் சாய்வார், சீட்டின் மேல் எடை குறையும், சுவிச் திறந்துகொள்ளும். அதற்கு மருந்து சுவிச்சைக் கொல்வது அல்ல. சரிவில் மெஷின் புரண்டால், ஓட்டுகிறவர் தூக்கியெறியப்பட்டால், பிளேட்டை நிறுத்த இருப்பது அந்த ஒரு சுவிச் மட்டும்தான். வயரைப் பிரித்து ஒழுங்காக இணைத்துவிட்டு, சீட்டின் ஸ்பிரிங்கைப் பார்த்தேன். கனத்த ஆளுக்கு வைத்த இறுக்கத்தில் இருந்தது. அண்ணன் ஒல்லி. இரண்டு படி தளர்த்தி, துருப்பிடித்த கீலுக்குக் கிரீஸ் வைத்ததும் விக்கல் நின்றது. உட்கார்ந்து ஓட்டும் மெஷினைச் சரிவில் மேலும் கீழுமாக ஓட்ட வேண்டும், குறுக்கே அல்ல. வாவிப் பக்கம் இறங்கும் செங்குத்துத் துண்டை இதில் வெட்டவே கூடாது என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். அது தோளில் மாட்டும் மெஷினுக்கான இடம்.

வேறு மெஷினில் இதே குறி தெரிந்தால்

இதே வரிசையில் அளந்துகொண்டு போனால் எண்கள் வேறு கதை சொல்லலாம். சொக்கெட் சேர்ந்திருக்கும்போது கொயிலில் முழு 12 வோல்ட் இருந்தும் மின்னோட்டம் பூச்சியம் என்றால் கொயில் உள்ளே அறுந்திருக்கிறது, அப்போதுதான் கிளச் மாற்ற வேண்டும். சூட்டில் மட்டும் அறுந்து ஆறினால் சேரும் கொயிலும் உண்டு, அதன் தடை 3.6 என்று நிற்காமல் முடிவிலிக்குப் போய்விடும். மின்னோட்டம் சரியாக இருந்தும் பிடிக்கவில்லை என்றால் இடைவெளி, அல்லது தட்டுக்குள் சிக்கிய புல்லும் துருவும். பியூஸ் எரிந்துகொண்டே இருந்தால் பெல்ட்டில் உரசிய வயரைத் தேடுங்கள், நாக்குத் தகடு கழன்று கொயில் சுற்றியிருந்தால் வயர் கட்டாயம் அறுபட்டிருக்கும். பொறியை அடக்க டயோட் வைத்த மெஷினில் யாராவது அதைத் தலைகீழாக மாட்டியிருந்தாலும் பியூஸ் போகும். கொயிலுக்கு வோல்ட்டே வரவில்லை என்றால் மீட்டரைவிட 21 வாட் சிக்னல் பல்ப் ஒன்றை இரண்டு வயரில் கட்டிக்கொண்டு பின்னோக்கித் தேடுவது நல்லது. அது ஏறக்குறைய 1.8 அம்பியர் கேட்கும், பொய்யான 12 வோல்ட்டில் எரியாது.

உர மூட்டைகள் இப்போது வேறு அறையில். பிரஷர் வோஷருக்குப் பதிலாகக் காற்றடித்து, பிரஷால் தள்ளுகிறார்கள், மேனேஜர் பார்க்கும்போதாவது. மே மாதம் தென்மேல் பருவக்காற்று வந்து மழை பிடித்துக்கொண்ட பிறகு ஒருமுறை போய்ச் சூட்டில் அளந்தேன், தொலைந்தது அதே 0.4 வோல்ட். கிளச்சின் புலி பெயரிங்கில் மட்டும் கையால் சுற்றினால் லேசான கரகரப்பு. இந்த மாடலில் பெயரிங்கைத் தனியாக மாற்ற வழியில்லை, அது போகும்போது முழுக் கிளச்சும்தான். அதனால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் யோசனையைக் கைவிடச் சொல்லவில்லை, விமானத்தில் வேண்டாம், கப்பலில் வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.